கண்ணளவு

கொழுந்தனின் கண்ணளவைப் பற்றி அந்தக் குடும்பமே தம்பட்டம் அடிக்கும். தராசு வேண்டாம், கரண்டி வேண்டாம், அவன் ஊற்றினால் நாலு டம்ளரிலும் பால் ஒரே மட்டமாக நிற்கும். அந்தக் கண்ணை நம்பித்தான் நாய், பூனைச் சாமான்கள் விற்கும் கடையும் போட்டான். தெள்ளுப்பூச்சிக்கு நாயின் பிடரியில் விடுகிற சொட்டு மருந்து, பெரிய நாய்க்கு ஒன்று, சின்ன நாய்க்கு ஒன்று என்று தனித்தனிக் குப்பியில் வரும். இவன் பெரிய குப்பியை மட்டும் வாங்கி, ஊசிக்குழாயில் உறிஞ்சி, நாயை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துப் பங்கு போட்டுவிடுவான்.

அடுத்த கதவு அண்ணியின் அழகுநிலையம். அவள் இதற்கு நேர் எதிர். தலைக்குச் சாயம் பூசுமுன் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டுத் தடவிப் பொறுத்துப் பார்ப்பாள். யாராவது எரிகிறது என்று சொல்லிவிட்டால் பேச்சே கிடையாது, நேரே தண்ணீர்தான்.

அவள் வளர்க்கும் நாய்க்குக் குண்டூசி என்று பெயர். ஊசிப் பல், ஊசிக் குரல், மேலே மட்டும் மூட்டை மாதிரி புசுபுசுவென்று முடி. அன்று அது சொறிந்துகொண்டே கடைப்பக்கம் போயிருக்கிறது. கொழுந்தன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மருந்தை விட்டுவிட்டான். உபகாரம் செய்கிறானாம்!

ஒரு டீச்சரம்மாவின் தலையில் பாதிச் சாயம் ஏறியிருந்தபோது குண்டூசி உள்ளே வந்தது. பின்னங்கால் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. வாயில் எச்சில் நூலாக வழிந்தது. தூக்கினால் உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது, பிடரியில் மருந்து நெடி.

சத்தம் கேட்டுக் கொழுந்தன் ஓடிவந்தான். "பயத்துல நடுங்குது அண்ணி. கழுவிடாதீங்க, போட்ட மருந்து வீணாப் போயிடும்" என்றான். வாசலோரம் உட்கார்ந்திருந்த அவள் புருஷனும், தம்பி கண் தப்பாது என்று ஒத்து ஊதினான். தப்பாதாம்! நாய் சாகக் கிடக்கிறது, இவருக்குத் தம்பி கண்தான் பெரிசு.

அவள் நாயைக் கொண்டுபோய், வாடிக்கையாளர்கள் தலை சாய்த்துக் கழுவிக்கொள்ளும் தொட்டியிலேயே வைத்தாள். புருஷன் பதறினான். இதைப் பார்த்த பிறகு எவள் இந்தத் தொட்டியில் தலை வைப்பாள், பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடாதே என்று கையைப் பிடித்தான்.

"மண்ணு விழுந்தா விழட்டும். கையை எடுங்க" என்றாள்.

டீச்சரம்மா தன் தலையைத் தானே ஒரு பக்கெட்டுத் தண்ணீரில் அலசிக்கொண்டு, நாயின் தலையைத் தாங்கிப் பிடிக்க வந்துவிட்டாள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு. அண்ணி பிடரியைத் தேய்த்துத் தேய்த்து அலசினாள். நனைய நனைய அந்தப் புசுபுசுப்பெல்லாம் ஒட்டிப்போய், உள்ளே இருந்த உடம்பு தெரிந்தது. ஒரு கைக்கு அடங்கும் உடம்பு, எலும்பும் தோலும்.

"தம்பி, இங்க வந்து பாரு" என்றாள். "இதுதான் நாய். நீ மருந்து விட்டது முடிக்கு."

கொழுந்தனுக்கு முகம் செத்துவிட்டது. அவள் அவன் கடையிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு, நாயைத் துண்டில் சுற்றி, கால்நடை டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் பெட்டியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், இதைப்போல நாலு நாய்க்கான மருந்து உள்ளே போயிருக்கும் என்றார். கழுவியது நல்லதாயிற்று, ஆனாலும் இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று ஊசி போட்டு உள்ளே கொண்டுபோனார். அவள் வெளியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பொழுது சாயும்போது நடுக்கம் நின்றது. குண்டூசி அவள் விரலை ஒரு கடி கடித்தது. அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது.

வீட்டில் எல்லாரும் ஒரே பாட்டு. நாய் பிழைத்துவிட்டதல்லவா, விடு, வெளியே தெரிந்தால் நமக்குத்தான் அசிங்கம். அவள் மறுநாள் கடை திறந்ததும், வீட்டில் எல்லாரும் ஏறி எடை பார்க்கும் மெஷினைத் தூக்கி வந்து கொழுந்தன் கடை வாசலில் வைத்தாள்.

அவன் காலால் ஓரம் தள்ளினான். அவள் திரும்ப நடுவில் வைத்தாள். மறுபடி தள்ளினான். மறுபடி வைத்தாள். குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறீர்களே என்று அவன் பல்லைக் கடித்தான்.

"சிரிக்கட்டும். எடை பாக்காம இனி ஒரு நாய்க்கு நீ சொட்டு விட்டா, வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் குண்டூசி கதையைச் சொல்லுவேன்."

அதற்குள் புசுபுசு நாயோடு ஒருவர் சொட்டு மருந்துக்கு வந்தார். கொழுந்தன் பழக்கதோஷத்தில் ஊசிக்குழாயைக் கையிலெடுத்து அதை ஏற இறங்கப் பார்த்தான். வந்தவர் எடை பார்க்கத்தான் மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, நாயோடு ஒரு தடவையும் நாய் இல்லாமல் ஒரு தடவையும் ஏறி இறங்கினார். கழித்துப் பார்த்துவிட்டு, "அட, இவ்வளவுதானா! நீங்க எவ்வளவுன்னு நெனச்சீங்க?" என்று கேட்டார்.

கொழுந்தன் கையிலிருந்த ஊசிக்குழாயை மெதுவாக மேஜையில் வைத்தான்.

அவள் தன் கடைக்குள் போனாள். பாதி கறுப்பும் பாதி நரையுமாக டீச்சரம்மா காத்திருந்தாள். புருஷன் பார்த்துக்கொண்டிருக்க, நாயைக் கழுவிய அதே தொட்டியில் தலையைச் சாய்த்து, "ம், ஆரம்பி" என்றாள்.