கூண்டுச் சிப்பிகள்

ஆய்வுக்கூடக்காரிக்குத் தன் கொழுந்தன் மேல் சந்தேகம் வந்தது அவன் புதுச் செருப்பு வாங்கிய வாரம்தான். சந்தேகம் வந்துவிட்டால் தும்மல்கூடத் துப்பாகத் தெரியும். அவனுக்குப் படகு வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான் என்பதால் எரிச்சல் இரண்டு மடங்கு.

ஆலையின் கழிவுக் குழாய் கடலில் விழும் இடத்தில், கம்பிக் கூண்டுக்குள் சிப்பிகளைத் தொங்கவிட்டு, சில மாதம் கழித்து எடுத்து வருவது அவன் வேலை. தண்ணீரைச் சோதித்தால் அன்றைய கதையை மட்டும் சொல்லும். ஆலைக்காரர்களும் சோதனை நாளன்று பரம சாதுவாகிவிடுவார்கள். சிப்பியிடம் அந்தப் பாச்சா பலிக்காது. தண்ணீரை வடிகட்டியே வயிறு வளர்க்கும் பிராணி. அதிலிருக்கும் காட்மியம், ஈயம் மாதிரி விஷ உலோகங்களை உடம்பில் சேர்த்துக்கொண்டே போகும், லேசில் வெளியே விடாது.

இந்த முறை சிப்பிகள் சுத்தமோ சுத்தம். இந்தச் சோதனை முடிவை அப்படியே அனுப்பினால் ஆலைக்கு இரண்டாவது குழாய் போட அனுமதி கிடைத்துவிடும். அவள் வீடு இருப்பதும் மகள் விளையாடுவதும் அதே கரையில்தான்.

அளவுகோலை எடுத்தாள். கூண்டில் போட்டபோது இருந்ததைவிடச் சிப்பிகள் சிறியவை. சிப்பி ஓடு எங்காவது சுருங்குமா? வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

நேரே படகுத்துறைக்குப் போனாள். அவன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஆலைக்காரன் எவ்வளவு கொடுத்தான்?"

"என்ன அண்ணி பேசுறீங்க?"

"நான் கூண்டுல போட்டது வேற, நீ கொண்டு வந்தது வேற. என்கிட்டயே கதை விடாத."

அவன் காது மடல் சிவந்தது. "ஆலைக்காரன் மூஞ்சியக்கூட நான் பார்த்ததில்ல. மாத்தினது நிஜம்தான். கூண்டுல எல்லாம் கொழுகொழுன்னு கிடந்துச்சு. எப்படியும் அரைச்சுத் தூளாக்கத்தானே போறீங்கன்னு அப்பப்போ கொஞ்சம் எடுத்துக்கிட்டேன். கடைசி நாள் சந்தையில வாங்கி ரொப்பிட்டேன். சிப்பிக்குச் சிப்பி சரியாப் போச்சுன்னு நெனச்சேன்."

லஞ்சமில்லை, வெறும் முட்டாள்தனம். நிம்மதியில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"எடுத்ததை யாருக்கு வித்த?"

"விக்கல அண்ணி." தலையைக் குனிந்துகொண்டான். "வீட்டுக்குத்தான் கொண்டு வந்தேன். சந்தையில வாங்கினதுன்னு சொன்னேனே, அதெல்லாம் இதுதான். பாப்பா விரும்பிச் சாப்பிடுறாளேன்னு..."

சிரிப்பு நின்றது. மாமியார் வறுத்துக் கொடுக்க, மகளுக்கு ஊட்டியது இவள் கைதான். போதும் என்று தட்டை நகர்த்தியவளை இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சியதும் இவள்தான்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, வீட்டில் ஆளுக்கு ஒன்றாகச் சிறுநீர்க் குப்பிகளை எடுத்து வைத்தாள். அந்தக் குழாய் கக்கியதைச் சொல்ல வேண்டிய சிப்பிகள் இனி இல்லை. அவை சேர்த்து வைத்தது இந்த வீட்டு உடம்புகளில் இருக்கிறது. மகளின் பெயரைக் குப்பியில் எழுதும்போது, தன் கழிவில் விஷமே இல்லை என்று ஆலைக்காரன் சொல்வதே உண்மையாக இருக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.