மூன்றாம் பகுதியில் ஓர் அடி

தத்தேயோவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அவன் பெட்டியிலிருந்த மெட்டுக் காகிதங்களைத் திருடி, அதிலிருந்த பவானா என்கிற நடை நடன மெட்டைப் பிரபு வீட்டுக் கல்யாணத்தில் தன் மெட்டென்று வாசித்துக்கொண்டிருக்கிறான் எர்கோலே! இன்றைக்கு யார் மெட்டு பிரபுவுக்குப் பிடிக்கிறதோ, அவனுக்குத்தான் அரண்மனை வாத்தியக் கோஷ்டியின் தலைமை. பதினோரு வருஷமாக அதற்காகவே லூட் வாத்தியத்தின் நரம்பில் விரல் தேய்ந்தவன் தத்தேயோ.

மணமக்கள் முன்னால் போக, ஜோடி ஜோடியாக விருந்தாளிகள் மெட்டுக்கேற்ப மெதுவாக நடந்து முடித்தார்கள். அடுத்து கல்யார்தா என்கிற துள்ளல் ஆட்டம். அதே மெட்டை மும்மூன்றாக எண்ணி, விறுவிறுவென்று வாசிக்க வேண்டும். ஆண்கள் நாலு அடி உதைத்துத் தாவி இறங்குவார்கள்.

எர்கோலே வயலினை மார்பில் சாய்த்துக்கொண்டு திரும்பினான்.

"என்னய்யா தத்தேயோ, மூஞ்சி ஏன் இப்படிப் புளிச்சுப் போய்க் கிடக்கு?"

"உன் வாசிப்பைக் கேட்டா வேற எப்படி இருக்கும்?"

"பழகிக்கோ. நாளைலேருந்து நான் காட்டுற மூலையிலதான் உனக்கு இடம்."

தத்தேயோ பல்லைக் கடித்தான். மெட்டின் மூன்றாம் பகுதியில் ஒரு தாள அடி அதிகம். நடக்கும்போது அது யாருக்கும் உறுத்தாது. கல்யார்தாவில் அதை வெட்டிவிட வேண்டும். காகிதத்தில் எழுதாத அது திருடனுக்கு எங்கே தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாசமாய்ப் போ என்று பேசாமல் இருந்துவிட்டான்.

கல்யார்தாவின் மூன்றாம் பகுதியில், மெட்டு முடிகிறதென்று நம்பி மாப்பிள்ளை உயரத் தாவினார். இன்னும் ஓர் அடி மிச்சமிருந்தது. கால் தடுமாறி, சம்பந்தி வீட்டார் முன்னால் தொப்பென்று விழுந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எவன்டா இந்த மெட்டைப் போட்டது?" பிரபு கத்தினார்.

எர்கோலே மண்டியிட்டுவிட்டான். "சத்தியமா நான் இல்லைங்க பிரபு! தத்தேயோவோடதுங்க!"

இத்தனை பேர் முன்னால் இதைக் கேட்கத்தானே தத்தேயோ தவித்துக் கிடந்தான்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தான்.

"ஆமாங்க, என்னுதுதான். இந்தத் திருட்டுப்பய ஓரடியை வெட்டாம வாசிச்சுட்டான். வெட்டணும்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்த?" பிரபு சீறினார்.

காவலர்கள் லூட்டைப் பிடுங்கிக்கொண்டு தத்தேயோவை வாசலுக்குத் தள்ளினார்கள். விருந்து நிற்கக் கூடாதென்று பிரபு கையை அசைத்ததும், எர்கோலே கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பவானாவைத் தொடங்கினான். அதுவும் தத்தேயோ போட்ட மெட்டுதான்.