கழுகுக் கண்

...இடது தோளில் தொடங்க வேண்டும், அங்கிருந்து கை, கைமடிப்பு, பக்கத் தையல், கீழ்மடிப்பு, அப்படியே வலப்பக்கமாக ஏறி மறு தோள், கடைசியில் காலர், இதுதான் வரிசை, வரிசை மாறினால் கண் ஏமாந்துவிடும். பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு நானூறு சட்டை இந்த வரிசையில்தான் அவள் மேசையைக் கடந்து போகிறது, ஒரு தையல் தாவியிருந்தால் போதும், விரல் தானாகப் போய் அங்கே நிற்கும், சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள், அதனால்தான் தையல் பெண்கள் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் கழுகு, அவளுக்கும் அது தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். அந்தக் கழுகு இப்போது காது மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் சத்தம் புகாத சிறிய அறைக்குள் இருக்கும் ஒன்பது வயது மகளை இடது தோளிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறது... தோள், கை, கைமடிப்பு... இந்தப் பிள்ளையை இப்படி வரிசையாக எப்போதாவது பார்த்திருக்கிறேனா?... பள்ளிச் சட்டையின் இரண்டாவது பொத்தான் கறுப்பு நூலில் தைத்திருக்கிறது, வெள்ளைச் சட்டையில் கறுப்பு நூல், நான் தைக்கவில்லை, வீட்டுக்காரர் ஊசியைக் கையால் தொடமாட்டார், அப்படியானால் இவளேதான்... எப்போது தைத்தாள், எத்தனை நாளாக இதைப் போட்டுக்கொண்டு என் கண்ணெதிரே போய்வருகிறாள்?

வகுப்பு டீச்சர் டைரியில் எழுதியனுப்பியது இரண்டே வரி, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, காதைப் பரிசோதித்துப் பார்க்கவும். படித்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது, வீட்டில் மட்டும் திரும்புகிறாளா என்ன, பத்துத் தரம் கூப்பிட வேண்டும், எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கிறியே, காதுல என்ன பஞ்சா அடைச்சிருக்கு, செவிடன் காதுல ஊதின சங்குதான் உங்கிட்ட பேசுறது... எல்லாம் திட்டுவதற்கென்றே உள்ள வார்த்தைகள், யாராவது அவற்றை டாக்டர் சீட்டாக எடுத்துக்கொள்வார்களா? பெண் கதவைச் சாத்தினால் வீடே அதிரும், பக்கத்தில் இருப்பவரிடமும் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள், அப்பாக்காரர் டமாரம் என்று பெயர் வைத்தார், எல்லோரும் சிரித்தோம், நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள்... பார்த்துத்தான், ஆமாம், ஒரு நொடி பிந்தி. சாப்பாட்டு மேசையில் என்றைக்கும் அதே நாற்காலி, எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிகிற நாற்காலி, ஒருநாள் விருந்தாளி அதில் உட்கார்ந்துவிட்டதற்கு அப்படி ஓர் அழுகை, என்ன பிடிவாதம் என்று முதுகில் ஒன்று வைத்தேன். அது போதாதென்று தங்கையிடம் பீற்றிக்கொண்டது வேறு, என் பொண்ணு நான் பேசினா அந்தண்டை இந்தண்டை பார்க்க மாட்டா, என் வாயையே பார்த்துக்கிட்டிருப்பா. விளக்கடியில்தான் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள், நானூறு சட்டையில் ஒரு பிசிறு தெரிகிறது, வீட்டில் இருக்கிற ஒரே பிள்ளை...

"நீங்க இப்படி எனக்குப் பின்னாடியே உட்காருங்கம்மா. சோதனை முடியிற வரைக்கும் பேசக்கூடாது." வெள்ளைக் கோட்டுப் பெண் சொல்லிவிட்டு மேசைவிளக்கைப் போட்டுக்கொண்டாள், மகளிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, சத்தம் கேட்டா கையைத் தூக்கணும் பாப்பா, மெல்லிசாக் கேட்டாலும் தூக்கணும், மகளும் அந்த வாயையே பார்த்துத் தலையாட்டினாள். பேசாமல் இருப்பது கழுகுக்கு ஒரு கஷ்டமா, இருநூறு தையல் மெஷின் ஒன்றாக ஓடுகிற கூடத்தில் யாருக்கு யார் பேசுவது கேட்கும், அங்கே எல்லாம் வாயசைவுதான், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, சூப்பர்வைசர் வருகிறான், யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் அடிதடி, அத்தனையும் குரலில்லாமல் போய்வந்துவிடும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது, பிள்ளைக்குக் கேட்கக்கூடாததை எல்லாம் அவள் தலைக்கு மேலே கணவனுக்கு வாயசைத்தே சொல்லிவிடுவாள், முதலில் திருதிருவென்று முழித்த மனிதருக்கும் இப்போது நன்றாகவே புரிகிறது. வெள்ளைக் கோட்டுப் பெண் பொத்தானை அழுத்தினாள், உள்ளே மகள் கையைத் தூக்கினாள். அழுத்தினாள், தூக்கினாள். அப்பாடா... இன்னொன்று, அதற்கும் தூக்கினாள், வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஜன்னலுக்குப் பக்கம் காட்டி உட்கார்ந்திருந்த மகள், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த படகுப் படத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன ஒரு கவனம், டீச்சருக்குத்தான் கண்ணும் இல்லை காதும் இல்லை, நாளைக்கே போய் நாலு கேள்வி கேட்க வேண்டும்...

"நல்லாத்தான் கேட்குது போலிருக்கே. நார்மல்தான்" என்று வெள்ளைக் கோட்டுப் பெண் திரும்பாமலே சொல்லி, குனிந்து காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டே, மூக்கில் இறங்கிய கண்ணாடியைச் சரிசெய்யக் கையை உயர்த்தினாள். அவ்வளவுதான். பொத்தானை அவள் தொடவே இல்லை. உள்ளே மகளின் கை உயர்ந்தது.

விரல் தானாகப் போய் அந்த இடத்தில் நின்றுவிட்டது... அங்கேதான், தாவிய தையல் அங்கேதான். படகுப் படத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது, அதில் இந்தப் பக்கத்து மேசைவிளக்கு மஞ்சளாகத் தெரிகிறது, விளக்குக்குக் கீழே ஒரு வெள்ளைக் கை அசைகிறது. ஐயோ என் கண்ணே, படகையா பார்த்துக்கொண்டிருந்தாய்?... கோட்டுப் பெண் கவனிக்கவில்லை, நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள், வாங்கிக்கொண்டு போய்விடலாம், டீச்சர் முகத்தில் அதை நீட்டலாம், வீட்டில் அவர் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லலாம், நான் பார்க்காமல் இருந்திருந்தால் அப்படித்தானே ஆகியிருக்கும், ஒன்பது வருஷம் பார்க்காதவள் இன்னும் ஒரு நிமிஷம் பார்க்காமல் இருக்கக்கூடாதா... மகள் தலையை லேசாகத் திருப்பினாள், கண்டுகொண்டுவிட்டாள், அம்மா கண்டுகொண்டதைக் கண்டுகொண்டுவிட்டாள், சொல்லாதே என்று அந்த முகம் கெஞ்சியது, பொத்தானைத் தானே தைத்துக்கொண்ட பிள்ளை இதையும் தானே தைத்து மூடிக்கொள்ளப் பார்க்கிறது. அம்பு ஒட்டாமல் விட்டால் அந்தச் சட்டை அப்படியேதான் பெட்டிக்குள் போகும், அது கழுகுக்குத் தெரியாதா.

"இந்த விளக்கை அணைச்சிட்டு இன்னொரு தடவை பாருங்க."

"ஏம்மா?"

"படத்துல உங்க கை தெரியுது. அதைப் பார்த்துத்தான் தூக்குறா."

கோட்டுப் பெண் படத்தைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், அணைத்தாள். பொத்தானை அழுத்தினாள். மகளின் கை மடியிலேயே கிடந்தது. அழுத்தினாள். மகளின் கண் படகில் எதையோ தேடியது, மேலே, கீழே, ஓரத்தில்... அழுத்தினாள், பக்கத்தில் இருந்த ஒரு குமிழைத் திருகித் திருகி அழுத்தினாள், அந்தக் கை எழவில்லை, வெகுநேரம் கழித்து வலது காதுக்கு ஒரே ஒரு தடவை பாதி உயர்ந்து, சந்தேகத்தோடு இறங்கியது. காட்டிக்கொடுத்துவிட்டேனே, பெற்ற பிள்ளையை நானே காட்டிக்கொடுத்துவிட்டேனே... மகள் முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்தாள், கண்ணை அல்ல, வாயை. சோதனை நடக்கும்போது பேசக்கூடாது என்பதற்காகப் பழக்கதோஷத்தில் அவள் மகளைப் பார்த்துக் குரலில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள், பயப்படாதே, அம்மாவுக்குக் கோபம் இல்லை.

"எனக்கு ஒண்ணும் பயமில்லம்மா!" கனத்த கண்ணாடியைத் தாண்டி, காதில் அத்தனை பெரிய கருவியை மாட்டிக்கொண்டு, டமாரக் குரலில் மகள் பதில் சொன்னாள்.

"அட, என்ன சொன்னீங்க? எனக்கே கேட்கலையே, அவளுக்கு எப்படிப் புரிஞ்சுது?" என்றாள் கோட்டுப் பெண். பெற்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்த சிரிப்பு, யார் பெண், கழுகின் பெண்ணாயிற்றே, நான் தையலைப் பார்ப்பதுபோல் இவள் வாயைப் பார்க்கிறாள், ஒன்றுகூட இவள் கண்ணுக்குத் தப்பாது... ஒன்றுகூட... டைரி வந்த செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மேசை, அந்த நாற்காலி, தட்டை வைத்துக்கொண்டே அவள் தலைக்கு மேலே அவருக்கு வாயசைத்தது, ஏற்கெனவே இது மந்தம், காதும் போச்சுன்னா இதை வெச்சுக்கிட்டு என்னால முடியாதுங்க, என்னால முடியவே முடியாது... அப்போது பிள்ளை எங்கே பார்த்துக்கொண்டிருந்தது? தட்டையா? தட்டில் பாதி மீந்திருந்தது, பசி இல்லை என்றாள், எழுந்து போனாள், டமாரம் அன்றைக்கு மட்டும் அறைக்கதவைச் சத்தமே இல்லாமல் சாத்தினாள், பரவாயில்லையே, திருந்திவிட்டாளே என்று நான்... அது ஒரு நாள். அதற்கு முன்னால் எத்தனை நாள், என்னென்ன சொன்னேன்? வாயைத் திறந்தாள், மூடினாள். கண்ணாடிக்கு அப்பால் மகள் இன்னும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.