டபுள் பேஸ் ஏறும் கார்

சனிக்கிழமை மின்சாரக் கார் கடையில் வாஃபிள் இலவசம். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. தூரித் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தன்னைவிட உயரமான, பெரிய வயலின் போன்ற டபுள் பேஸ் வாத்தியத்தைப் பழைய டீசல் காரிலிருந்து இறக்கி, கட்டிப்பிடித்தபடி உள்ளே வந்தாள். விற்பனையாளன் எஸ்பெனுக்குத் தொண்டையில் வாஃபிள் அடைத்தது.

"கார் பாக்கத்தான் வந்தேன் தம்பி. இது ஏறணும்."

டீசல் கார் எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடும். நடன இசைக்குழுத் தலைவர் ஹால்வோர் நேற்றே சொல்லிவிட்டார், மலை தாண்டி அவளால் வர முடியாவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம். இத்தனை வருடம் வாசித்தவளிடம் பேசுகிற பேச்சா அது?

எஸ்பென் முதலில் விலை கூடியதைக் காட்டினான். நாலரை லட்சம் குரோனர். ஒருமுறை சார்ஜ் போட்டால் கடுங்குளிரிலும் நானூறு கிலோமீட்டர் ஓடும், கூரை முழுக்கக் கண்ணாடி. பேஸின் வயிறு பின்கதவிலேயே சிக்கிக்கொண்டது.

"நாலரை லட்சம் குடுத்துட்டு இத வெளிய நிறுத்தவா?"

அடுத்தது மூன்று லட்சம்தான், பெட்டி மாதிரி நிமிர்ந்த கார். முன்சீட்டைச் சாய்த்ததும் பேஸ் சுகமாகப் படுத்துக்கொண்டது.

"எவ்ளோ தூரம் ஓடும்?"

"நோட்டீஸ்ல முந்நூத்தம்பது போட்டிருக்கு அக்கா."

"நோட்டீஸ் ஜூலைல அடிச்சதா? ஜனவரிக்குச் சொல்லு."

எஸ்பென் அசடு வழிந்தான். "ஹீட்டர் போட்டா இருநூறு. போடாட்டி இருநூத்தெழுபது."

மலை தாண்டிப் போய்வர இருநூற்றைம்பது. வழியில் சார்ஜ் போடலாம் என்றால், பனிச்சறுக்குக்கு வந்த கூட்டத்தின் வரிசை நகர்வதற்குள் நடனமே முடிந்துவிடும்.

"எனக்குக் கம்பளிக் கோட்டு போதும். இது விறைச்சா மரம் வெடிச்சிடும்," என்றாள். முகம் வாடிவிட்டது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, திரையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. "இந்த மூணு நெளிகோடு என்ன?"

"சீட்டுச் சூடு. கரண்ட் அவ்வளவா தின்னாது. பத்து கிலோமீட்டர் குறையலாம்."

"ஒவ்வொரு சீட்டுக்கும் தனியாவா?"

"தனித்தனியா."

தூரித் பேஸின் மேல் பழைய காரிலிருந்த கம்பளிப் போர்வையைப் போர்த்தி, அது படுத்திருந்த முன்சீட்டின் சூட்டை மட்டும் போட்டாள். சற்று நேரம் கழித்து அடியில் கைவிட்டுப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. பத்து குறைந்தாலும் இருநூற்றறுபது, மலை தாண்டிப் போய்வரப் போதும்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினாள். கார் விடாமல் கீச்சிட்டது.

"என்னடா பிரச்சினை இதுக்கு?"

"பக்கத்து சீட்டுல இருக்கிறவங்க பெல்ட் போடலையாம் அக்கா."

எஸ்பென் குனிந்து பேஸுக்கு பெல்ட் மாட்டினான். சத்தம் நின்றது. தூரித் ஹால்வோருக்கு போன் போட்டாள்.

"வேற ஆள் தேடாதீங்க. நாங்க ரெண்டு பேரும் வர்றோம்."