கொள்ளி வைத்தவன் முறை

அர்ச்சுனன் கங்காணி சலவை வேட்டியும் கறுப்புக் கோட்டுமாகக் காஹாங்கிலிருந்து வந்து இறங்கியபோதே பேச்சியம்மாள் அவன் கையிலிருந்த பொட்டலத்தைத்தான் பார்த்தாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைப் பார்க்க வருகிறவன் ஒரு மிட்டாய்ப் பொட்டலமாவது கொண்டுவருவான். இவன் சிவப்புத் தாவணி கொண்டுவந்திருந்தான். பதினோரு வயதுப் பிள்ளைக்கு எதற்கடா தாவணி?

மலாயாவில் கூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. அங்கே பேச்சியம்மாள் பிள்ளைக் கொட்டகை ஆயா. விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து தாய்மார்கள் பால் வெட்டப் போய்விட்டால் தொட்டில் பிள்ளைகள் எல்லாம் அவள் பொறுப்பு. வாய் நீளம், கணக்கெழுதும் கிராணியே அவளிடம் பேசுமுன் ஒரு தரம் யோசிப்பார். போன வருஷம் விஷக்காய்ச்சல் வந்து வீட்டுக்கு ஒருவரை வாரிக்கொண்டு போனபோது, தனலெட்சுமியின் அம்மாவும் அப்பாவும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் தனியாக நின்ற பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள் பேச்சியம்மாள். சாதி வேறு, ஊர் வேறு, வந்த கப்பலும் வேறு. அன்றைக்கு அதையெல்லாம் கேட்க ஆள் இல்லை. இன்றைக்குத்தான் தாய்மாமன் என்று ஒருவன் வந்திருக்கிறான்.

முடிவு லேபர் ஆபீஸ் துரையின் கையில் இருந்தது. பெற்றவர்களை இழந்த பிள்ளைகள் எந்தத் தோட்டத்தில் யாரிடம் வளர்கிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. வந்தால் சட்டியைத் திறந்து சோற்றைப் பார்ப்பார். பிள்ளையின் முதுகைத் திருப்பி அடித்த தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். நல்ல மனுஷர்தான். மெட்ராசில் தமிழ் படித்தவர், படித்தபடியே பேசுவார். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! ரத்தசொந்தம் இருந்தால் பிள்ளை அங்கே போகவேண்டும். இல்லாவிட்டால்தான் வளர்த்தவளிடம் இருக்கலாம். சாயங்கால ரயிலில் அர்ச்சுனன் திரும்புகிறான். தனத்தோடா, தனம் இல்லாமலா என்பதுதான் கேள்வி.

கொட்டகையில் மேசை போட்டுத் துரை உட்கார்ந்தார். சுற்றிலும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஜனம். தனம் பேச்சியம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"நீ இப்பெண்ணின் தாய்க்கு உடன்பிறந்தவனா?" என்று துரை கேட்டார்.

"ஆமாங்க துரை. கூடப் பொறந்த தம்பி. தாய்மாமன்."

அது மெய்தான். யாராலும் மறுக்க முடியாது. பேச்சியம்மாள் அதற்குமேல் பொறுக்கவில்லை.

"துரை, இவரு சம்சாரத்துக்குப் புள்ள இல்ல. அக்கா மகள ரெண்டாந்தாரமாக் கட்டிக்கத்தான் வந்திருக்காரு. வளக்க வந்தவரு தாவணியா வாங்கிட்டு வருவாரு?"

"ஐயோ, பேச்சப் பாருங்க!" என்று அர்ச்சுனன் சிரித்தான். "அக்கா புள்ள அனாதையாக் கெடக்கேன்னு மனசு கேக்காம வந்தேங்க. எங்கூட்டுலயும் மகளாட்டம் பாத்துக்குவா."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்த ஓநாய் ஒரு வருஷம் கழித்து வந்து அழுதது.

துரை பேச்சியம்மாளை வருத்தத்தோடுதான் பார்த்தார். "தாய்மாமனுக்கு உரிமை உண்டென்று உங்கள் வழக்கமே சொல்கிறது. நாளை நடக்கக்கூடும் என்று நீ அஞ்சுவதை வைத்து இன்று நான் மறுக்க இயலாது." பிறகு அர்ச்சுனன் பக்கம் திரும்பினார். "ஒன்று கேட்கிறேன். இதை நான் எல்லோரிடமும் கேட்பது வழக்கம். சாவுக்கு வந்தாயா?"

அர்ச்சுனனின் சிரிப்பு ஒரு நொடி நின்றது. காய்ச்சலுக்குப் பயந்து அவன் காஹாங்கை விட்டு அசையவில்லை. அதைச் சொன்னால் துரையின் முகம் மாறிவிடும். சும்மா "வந்தேன்" என்று சொல்லியிருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அதுபோல அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு படி மேலே போனான்.

"வந்தேனாங்க? மச்சானுக்குக் கொள்ளி வெச்சதே நாந்தான் துரை! ஆம்பளப் புள்ள இல்லாத மனுசன். நானில்லாம யாரு வைப்பா?"

பேச்சியம்மாளின் முந்தானை வெடுக்கென்று இழுபட்டது. திரும்பினாள். தனத்தின் முகம் செத்த முகம்போல வெளுத்து, வாய் திறந்துவிட்டிருந்தது.

தனத்தின் அப்பா செத்த அன்று லயமே காய்ச்சலில் கிடந்தது, எழுந்து நிற்க ஓர் ஆண்பிள்ளை இல்லை. பேச்சியம்மாளும் தனமும்தான் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால், வந்து தள்ளடா என்று பேச்சியம்மாள் சொல்லியிருப்பாள். சொல்லவும் ஆள் இல்லை. நனைந்த விறகு பிடிக்காமல் புகைந்தபோது, தனம் அப்பாவின் தலைமாட்டில் குனிந்து ஊதி ஊதித் தன் கையாலேயே தீ வைத்தாள். அதை யாரிடமும் சொல்லவேண்டாம், ஊர் ஏதாவது பேசும் என்று ஆயா சொன்னதற்காக இதுவரை வாயைத் திறந்ததில்லை. பிள்ளைக்கு அப்பா விட்டுப்போன சொத்து என்றால் அது ஒன்றுதான்.

பொய் என்று கத்தப் பேச்சியம்மாளுக்கு நாக்குத் துடித்தது. கத்தினால்? பெண்பிள்ளை கொள்ளி வைத்தாள் என்பதை யார் நம்புவார்கள்? நம்பினாலும் அவன் தாய்மாமன் இல்லை என்று ஆகிவிடுமா? சாவுக்கு வராத மாமன்கூட மாமன்தான். ரயிலில் ஏற்றிக்கொண்டு போயே விடுவான்.

அப்போதுதான் அவன் என்ன சொல்லிவிட்டான் என்பது அவளுக்கு உறைத்தது. தனத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடிக்கு அர்த்தம், மூச்சு விடாதே என்பது.

"ஆமாங்க துரை," என்றாள். "தம்பிதான் வெச்சாரு. நான் மறந்தே போனேன்."

தனம் கையை உருவப் பார்த்தாள். பேச்சியம்மாள் விடவில்லை. எதிர்பாராமல் கிடைத்த சாட்சியில் அர்ச்சுனனுக்கு வாயெல்லாம் பல்.

"மொட்டகூட அடிச்சிக்கிட்டீங்க, இல்ல தம்பி?"

"பின்ன? மீசையும் எடுத்தேன்லா."

"கொடம் ஒடச்சது? கருமாதி?"

"எல்லாம் மொறப்படி நாந்தான் செஞ்சேன். ஒரு கொறையும் வெக்கல."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" பேச்சியம்மாள் லயத்து ஜனத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "கொள்ளி வெச்சு, மொட்டையடிச்சு, கருமாதியும் செஞ்சவரு செத்தவருக்கு என்னா மொற? சொல்லுங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்னால் நின்ற புஷ்பவள்ளிதான் முதலில் வாயைத் திறந்தாள். அவளுக்கு எப்போதும் வாய் முந்தும். "கொள்ளி வெச்சவன் மகன் மொறதான, ஆயா. இதென்னா கேள்வி?"

"அப்ப தனம் இவருக்கு?"

"தங்கச்சி!" என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது.

அர்ச்சுனனின் முகத்தில் ரத்தம் ஏறியது. "அது சடங்குக்கு. ரத்தத்துல நான் மாமன்தான்."

"மாமன்னா கொள்ளி வெச்சிருக்க மாட்டீங்க. வெக்கலன்னா துரைக்கிட்ட பொய் சொன்னீங்க. ரெண்டுல எது கங்காணி?"

துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சியம்மாள் பக்கத்துக் காளியம்மன் கோயிலிலிருந்து தட்டை எடுத்துவரச் சொன்னாள். கற்பூரத்தைக் கொளுத்தி மேசை முன்னால் வைத்தாள். தீ ஆடியது.

"நான் ஒண்ணும் புள்ளயப் புடிச்சு வெச்சுக்கல. தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க. இவ என் தங்கச்சி, தங்கச்சி மாதிரி வளத்து வேற எடத்துல கட்டிக் குடுப்பேன்னு ஆத்தா மேல கற்பூரத்த அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுக் கூட்டிட்டுப் போங்க. அவ துணி மூட்ட தயாரா இருக்கு."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் உள்ளே செத்துக்கொண்டிருந்தாள். அவன் அடித்துவிட்டால் பிள்ளை போய்விடும். ஒரு வருஷமாகத் தன் பக்கத்தில் சுருண்டு படுத்த உடம்பு இன்று சாயங்காலமே போய்விடும். சத்தியத்துக்குப் பயப்படாதவனாக இருந்தால் இரண்டும் போயிற்று. பிள்ளையும் போச்சு, அந்தப் பிள்ளையின் வாழ்வும் போச்சு. ஆத்தா, இவனுக்கு உன்மேல் பயம் இருக்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

அர்ச்சுனன் கையை நீட்டினான். கற்பூரத்துக்கு மேலே கை நின்றது. தொட்டிலில் ஒரு பிள்ளை சிணுங்கியது. ஆட்ட யாரும் போகவில்லை. கற்பூரம் கரைந்து சின்னதாகிக்கொண்டே வந்தது. அவன் கண் தனத்தின்மேல் போயிற்று, தாவணிப் பொட்டலத்தின்மேல் போயிற்று, மறுபடி தீயின்மேல் வந்தது. நீட்டிய கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"தங்கச்சியாக் கூட்டிட்டுப் போயி நான் என்னா பண்ண?" என்றான்.

அவ்வளவுதான். அவனே சொல்லிவிட்டான். துரைக்கு அந்தத் தமிழ் நன்றாகவே புரிந்தது.

"இப்பெண் ஆயாவிடமே இருப்பாள்," என்று எழுந்தார். "நீ மறுபடி இத்தோட்டத்துக்கு வருவதானால் முதலில் என் ஆபீசுக்கு வரவேண்டும்."

அர்ச்சுனன் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தான். புஷ்பவள்ளி அவன் காதில் விழும்படியாகவே காறித் துப்பினாள். ஜனம் பேச்சியம்மாளைச் சூழ்ந்துகொண்டு புகழ்ந்தது. அவள் தனத்தைத் தேடினாள்.

தனம் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் ஆயாவின் விரல் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. சோறு போட்டு வைத்தாள் பேச்சியம்மாள். பிள்ளை தொடவில்லை.

"எங்கப்பாவுக்கு நாந்தான ஆயா வெச்சேன்?"

"நீதாண்டி கண்ணு வெச்ச."

"அப்பறம் ஏன் அந்தாளுக்குக் குடுத்த? எல்லாரும் இனிமே அவன்தான் வெச்சான்னு சொல்லுவாங்க. எங்கப்பா அவன் கையால எரிஞ்சாருன்னு சொல்லுவாங்க."

தான் பறித்தது எது என்பது பேச்சியம்மாளுக்குத் தெரியும்.

"வெளிய தெரிஞ்சா அவன் மறுபடி மாமனாயிடுவான், தனம். வந்துருவான்."

"எது வரைக்கும் சொல்லக் கூடாது?"

"உனக்குப் புடிச்சவன் உன் கழுத்துல தாலி கட்டுற வரைக்கும். அன்னிக்கு நீ சொல்ல வேணாம், நானே சொல்றேன். பந்தல்ல நின்னுக்கிட்டு, இவதான் அவ அப்பனுக்குக் கொள்ளி வெச்ச மகன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துறேன்."

தனம் அதை நெடுநேரம் யோசித்தாள். பிறகு திரும்பி, ஆயாவின் முகத்தை உற்றுப் பார்த்து, கோபமாகவே சொன்னாள்.

"அப்ப அது வரைக்கும் நீ சாவக் கூடாது."

பேச்சியம்மாள் சரி என்று தலையாட்டினாள். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்து நீட்டினாள்.