குதிரை ஒத்துக்காதவன்

வைக்கோலுக்குள் கிடந்த விரியன் என் கையில் கொத்தியதும் மாமனார் தொக்தொசுன் ஜீப்பில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார். கூடவே மூன்று மச்சான்கள். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் நகரவே இல்லை.

"விஷமுறிவு மருந்துங்கிறது, பாம்பு விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதோட ரத்தத்துலேர்ந்து எடுக்கிறது," என்றார் டாக்டர் ஜீபெக். "குதிரைகிட்ட போனா உங்களுக்குத் தடிப்பு, மூச்சுத்திணறல் வருமா? வரும்னா அதை அடக்குற இந்த இன்னொரு ஊசியையும் தயாரா வெச்சுக்கணும்."

வரும். லாயத்துக்குப் போய்வந்தாலே கண் வீங்கிவிடும். கல்யாணமானதிலிருந்து தூசிமேல் பழிபோட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

"யாருகிட்ட என்ன கேக்குறீங்க!" மாமனார் கொதித்தார். "குதிரைமேலேயே வளர்ற கிர்கிஸ்காரனுக்குக் குதிரை ஒத்துக்காதா? அப்படிப்பட்டவனுக்கா நான் பொண்ணு குடுப்பேன்?"

"ஏன் மச்சான் முழிக்கிறீங்க?" என்று சின்னவன் இளித்தான்.

இந்தக் கும்பலுக்கு நடுவில் எந்த மடையன் ஆமாம் என்பான்?

"வராது டாக்டர்."

அவர் அந்த இன்னொரு ஊசியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மருந்து ஏறத் தொடங்கியது. முதலில் உதடு அரித்தது, பிறகு தொண்டை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

மாமனார் என் தோளைத் தட்டினார். "பாருங்க டாக்டர், சிரிக்கிறான்."