மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்

1
ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை திருடியது. ஆரணிப் பக்கம் முள்ளிப்பட்டில் இருக்கும் வேதியியல் ஆசிரியை ஹெப்சிபா எழுதும் துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்திலிருந்து எடுத்தேன். அது இன்னும் முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

2
“மழை பெய்த ஒரு காலையில் பட்டு முதலாளி தென்னரசுவின் உடல்…”

(வேண்டாம். மழையால் பயனில்லை. விஷத்திலிருந்து தொடங்குகிறேன்.)

பாஷாணம், அதாவது ஆர்சனிக், ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். முடியிலோ வளர வளரப் பதியும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரிலிருந்து அளந்து துண்டுகளாக வெட்டிச் சோதித்தால் விஷம் உள்ளே போனது எந்த மாதம் என்று தெரியும், புடவையின் எந்த முழம் எந்த நாள் நெய்தது என்று நெசவாளர் சொல்வதுபோல. நாவலில் முதலாளியின் மனைவி இப்படித்தான் பிடிபடுகிறாள்.

3
பக்கத்து வீட்டில் உட்கார்ந்து இதை டீச்சர் படித்துக் காட்டினார். தறிக்காகப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே கேட்ட அந்த வீட்டுக் கெங்கம்மாள் சிரித்துவிட்டாள்.

“இன்னாங்க டீச்சர், உங்க கதைல மொதலாளி ஆறு மாசமா படுத்துகினு கீறான். ஊட்டுக்காரி மொட்ட போட வேண்டிக்க மாட்டாளா? வழிச்சிட்டா உங்க சென்டிமீட்டர் எங்க கீது?”

(டீச்சர் சி.எஸ்.ஐ. சர்ச். அங்கே மொட்டை கிடையாது. நாவல் முழுக்க ஒரு வேண்டுதல்கூட இல்லை.)

“கொன்னவளே வேண்டிக்கினா? சாட்சியத் தூக்கி சாமிக்கே குடுத்துட்டா!” டீச்சர் துள்ளினார். “எப்படி கெங்கம்மா தோணுச்சு?”

“தோண இன்னா கீது? எங்க ஊட்டுக்காருக்கு வயித்து வலி. போன மாசம் நானே இட்டுகினு போயி மொட்ட போட்டு வந்தேன்.”

4
டீச்சரின் பேனா நின்றது. என்னுடையதும்.

முடிவு அ: கெங்கம்மாள் நல்லவள். (நானும் அப்படித்தான் நம்புகிறேன். அவள் போட்ட ஊறுகாயைத் தின்றிருக்கிறேன், இதோ இன்னும்…)

முடிவு ஆ: டீச்சர் போலீசுக்கு… இந்த வரியை அடித்துவிட்டேன். மொட்டை குற்றமென்றால் மாவட்டத்தில் பாதிப்பேர் உள்ளே.

டீச்சர் அவளிடம் கேட்டால் பன்னிரண்டு வருஷப் பழக்கம் போகும். கேட்காவிட்டால், ஒருவேளை, அவள் கணவர் ஜெயவேலே போய்விடுவார்.

5
ஆனால் நகம் இருக்கிறது! கால் கட்டைவிரல் நகம் முழுதாக மாற ஒரு வருஷத்துக்கு மேலாகும். ஆர்சனிக் சில சமயம் அதில் குறுக்கே வெள்ளைக் கோடாகத் தெரியும்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். ஜெயவேல் நெய்துகொண்டிருந்தார். குழித்தறி, கால் இரண்டும் குழிக்குள்.

“இன்னா டீச்சர், உள்ள எதுனா உழுந்துடுச்சா?”

“கொஞ்சம் மேல வாங்கண்ணே.”

“எதுக்கு டீச்சர்?” கெங்கம்மாள் தார் சுற்றுவதை நிறுத்தினாள்.

ஜெயவேல் கையூன்றி எழுகிறார். முதலில் முழங்கால், பிறகு கணுக்கால். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.